எங்கள் எலிகளுக்குத் தாத்தா கிடையாது

1

ஆறு வாரமாக எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குப் போகிறேன். எலியின் மூளையைச் சீவுகிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறு வடிக்கிறேன். எல்லாம் நடக்கிறது, ஆனால் நடத்துவது நான்தானா என்று சந்தேகமாக இருக்கிறது.

நெதர்லாந்துக்கு வந்து இந்தக் கார்த்திகையோடு பதினோரு வருடம் முடிகிறது. வருடா வருடம் இந்தச் சமயத்தில் ஊர்க்காரர்களுக்காக நாலு பக்கம் எழுதுவது என் வழக்கம். குளிர் இப்படி, காற்று அப்படி, முருங்கைக்காய் டப்பாவில் வருகிறது, மகளுக்குத் தமிழில் ‘பசிக்குது’ மட்டும்தான் சரியாக வருகிறது என்று எதையாவது எழுதுவேன். படிப்பவர்களும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். இந்த வருடம் அப்படி எழுத வரவில்லை.

இருபது வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு என்று ஆறு வாரத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. அந்தத் தப்பை ஏழுமலை மாமா இன்றுவரை தலையில் சுமந்துகொண்டிருக்கிறார். அது மட்டுமில்லை, என் அக்கா மகள் சுகன்யாவுக்குத் தை மாதம் கல்யாணம். என் வார்த்தையை நம்பி நிச்சயம் செய்த கல்யாணம் அது. தாலி ஏறுவதற்குள் அவளுக்கு உண்மை தெரிந்தாக வேண்டியிருந்தது.

2

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. நான் விஞ்ஞானி இல்லை. ஊரில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மாத்திரை கம்பெனியில் தரச் சோதனை பார்த்துக்கொண்டிருந்தவள். இங்கே வந்து எட்டு வருடம் மொழி கற்றதிலும், சான்றிதழ்களுக்கு முத்திரை வாங்கியதிலும், பிள்ளை வளர்த்ததிலும் போனது. மூன்று வருடமாக ஒரு மூளை ஆய்வுக்கூடத்தில் உதவியாளர்.

எங்கள் எலிகளுக்கு ஒரு மரபணு இருக்காது. கருமுட்டையிலேயே அதை வெட்டி எடுத்து உண்டாக்கிய வம்சம். மனிதர்களில் அந்த மரபணு வேலை செய்யாமல் போனால் பிள்ளை பேசத் தாமதமாகும், கண்ணைப் பார்க்காது, சத்தம் தாங்காது, படிப்பு ஏறாது. ஃப்ராஜைல் எக்ஸ் என்று பெயர். அதே குறையை எலியில் உண்டாக்கி, அதன் மூளையில் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

என் பங்கு சிறியது. உறைந்த மூளை வரும். மைனஸ் இருபது டிகிரி பெட்டிக்குள் கையை விட்டு, முடியைவிட மெல்லிய தகடுகளாகச் சீவுவேன். சுட்ட அப்பளம் மாதிரி ஓரம் சுருளும். சின்னத் தூரிகையால் நீவிக் கண்ணாடியில் படுக்க வைப்பேன். பிறகு கதிர்வீச்சு கலந்த மருந்தில் ஊறவைத்தால், அந்த மருந்து மூளையில் குறிப்பிட்ட ஏற்பிகளில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும். ஏற்பி என்றால் ஒரு செல் அனுப்பும் செய்தியை அடுத்த செல் வாங்குகிற இடம். அதன் மேல் பிலிம் வைத்து எடுத்தால், ஏற்பி நிறைய உள்ள இடம் கறுப்பாகவும் குறைந்த இடம் வெளிறியும் தெரியும். ‘அடங்கு’ என்கிற செய்தியை வாங்கும் ஏற்பிகள் இந்த எலிகளுக்குச் சில இடங்களில் வெளிறிப்போய் இருக்கும். ‘கிளம்பு’ என்கிற பக்கம் அடங்காமல் ஓடும். அதனால்தான் சின்னச் சத்தம்கூட அவற்றுக்குப் பெரிய சத்தம்.

எந்த மூளை குறையுள்ள எலியுடையது, எது நல்ல எலியுடையது என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். எண் மட்டும்தான் இருக்கும். தெரிந்தால் கண் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். பல மாதம் கழித்து, எல்லாவற்றையும் அளந்து முடித்த பிறகே பட்டியலைத் திறப்பார்கள்.

எலி அறை வாசலில் இன்னொரு விதி உண்டு. சாவிக்கொத்தை வெளியே பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சாவிகள் உரசுகிற சத்தம் கேட்டாலே அந்த எலிகளுக்கு வலிப்பு வந்துவிடும். முதல் நாள் அதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிப்போம் என்று கூட வேலை செய்பவர்களிடம் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். யார் கையில் திணித்தார்கள், யார் திணித்தது என்பதை நான் சொல்லவில்லை.

3

எங்கள் வீடு கும்மிடிப்பூண்டியிலிருந்து தேர்வாய் கண்டிகை போகிற வழியில். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவின் அப்பா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நைனா இரும்பு ரோலிங் மில்லில் ஷிப்டு பார்த்தவர். வீட்டில் முதல் முதலாக மின்சார ரயில் ஏறி சென்னைக்குப் போய்க் கல்லூரி படித்தவள் நான். அதனால் நான் வாயைத் திறந்தால் வீடே காதைத் தீட்டிக்கொள்ளும். எனக்கும் அந்தக் கொழுப்பு கொஞ்சம் உண்டு.

கலா அக்காவை அம்மாவின் தம்பி ஏழுமலை மாமாவுக்கே கட்டிக்கொடுத்தார்கள். அம்மாதான் ஒற்றைக்காலில் நின்றார். முதலில் சுகன்யா பிறந்தாள். மூன்று வருடம் கழித்து தினேஷ். மூன்று வயதாகியும் அவன் வாயில் ஒரு சொல் வரவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திருப்பிக்கொள்வான். சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் வலது புறங்கையைக் கடிப்பான். திருவள்ளூரில் பார்த்த டாக்டர், வளர்ச்சி மெதுவாக இருக்கிறது, போகப் போகப் பார்க்கலாம் என்றுதான் சொன்னார். காரணத்தைச் சொன்னது அவர் இல்லை, நான்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, நோட்டில் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குச் சதுரமும் போட்டு விளக்கினேன். சொந்தத்தில் கட்டினால் இரண்டு பக்கமும் ஒரே கெட்ட மரபணு சேரும், அதனால்தான் பிள்ளை இப்படி என்றேன். எம்.எஸ்ஸி. முதல் வருடம், முந்தின வாரம் படித்த பாடம். அப்படி நடக்கக்கூடிய நோய்கள் இருப்பது நிஜம்தான். ஆனால் தினேஷுக்கு அதுதான் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. புத்தகத்தில் ஒரு படம் இருந்தது, எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தான். இரண்டையும் நானே முடிச்சுப் போட்டேன்.

மறுநாளிலிருந்து நைனா மாமாவோடு பேசுவதை நிறுத்தினார். அம்மாவை உட்கார்ந்தால் ஒரு பேச்சு, நின்றால் ஒரு பேச்சு. எட்டு வருடத்துக்கு முன்னால் அம்மா போனபோது கடைசியாக அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, என் தம்பிக்குக் கட்டி உன்னைக் கெடுத்துட்டேன் என்றுதான் சொன்னாராம். அந்தப் பழியோடேயே போனார்.

அம்மா போன பிறகு நைனாவால் தனியாக இருக்க முடியவில்லை. அறுபத்திரண்டு வயதிலேயே அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு நடையும் தள்ளாடியது. ஒரு சொட்டு தொடாத மனிதரைக் குடிகாரன் என்று ஊர் சொன்னது. மில்லில் பழுக்கக் காய்ந்த கம்பியைப் பிடித்து இழுத்த கை, அதான் ஆடுது என்பார் அவர். வேறு வழியில்லாமல் மாமா வீட்டுக்கே வந்து சேர்ந்தார். எட்டு வருடமாக ஒரே கூரை, ஒரே சமையல், பேச்சு மட்டும் கிடையாது. ஏதாவது சொல்ல வேண்டுமானால் தினேஷைக் கூப்பிட்டு, உங்கப்பனாண்ட சொல்லு, மோட்டார நிறுத்தச் சொல்லு என்பார். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது தினேஷின் வழக்கம். அவனும் நேராகப் போய் மாமாவின் முன்னால் நின்று, “உங்கப்பனாண்ட சொல்லு, மோட்டார நிறுத்தச் சொல்லு” என்பான். மாமா எழுந்து போய் மோட்டாரை நிறுத்துவார்.

சாவிக்கொத்து விஷயமும் மாமாதான். தினேஷுக்கு ஏழு வயதில் ஆடித் திருவிழாவில் மேளம் பக்கத்தில் வந்ததும் வலிப்பு வந்துவிட்டது. மாமா அக்காவின் இடுப்பில் இருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கிப் பிள்ளையின் கையில் வைத்து அழுத்தினார். நான் ஊர் பார்க்க அவரைத் திட்டினேன். இரும்புக்கும் வலிப்புக்கும் என்ன சம்பந்தம், இந்த மூட நம்பிக்கையெல்லாம் எப்போது விடுவீர்கள் என்றேன். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

அவர் கையில் சாவிக்கொத்து இருந்தது, என் கையில் பாடப்புத்தகம் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

4

வருடத்துக்கு ஒரு முறை, இந்தக் குறையுள்ள பிள்ளைகளின் குடும்பங்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைப்பார்கள். இந்தத் தடவை பிலிம்களைத் திரையில் காட்டிச் சொல்லும் வேலை எனக்கு. டச்சு மொழியில் பேச வேண்டுமே என்று ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று மனப்பாடம் செய்தேன்.

ஒரு குடும்பம் வந்தது. எழுபது தாண்டிய பெரியவர், அவருடைய மகள், மகளின் பையன். பையன் புறங்கையைக் கடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அதிர்ச்சி இல்லை. எத்தனையோ குறைக்கு எத்தனையோ பிள்ளைகள் கை கடிக்கிறார்கள். தினேஷை நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவனுக்குக் காரணம் ஏற்கெனவே தெரியும் அல்லவா? மூன்று வருடம் இந்த எலிகளோடு இருந்தும் எனக்கு உறைக்காததற்கு இதைத் தவிர வேறு சமாதானம் இல்லை.

அந்தப் பெரியவர் காப்பி எடுத்தார். அரைக் கோப்பை மட்டும். இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து, தலையைக் குனிந்து வாயைக் கோப்பைக்குக் கொண்டுபோனார். நைனா டீ குடிக்கிற அதே மாதிரி. அச்சு அசல். பிறகு கால்களை அகட்டி வைத்து நாற்காலிக்குப் போனார், அதுவும் நைனாதான்.

மரியாதைக்கு, உங்கள் அப்பா கடினமான வேலை பார்த்தவரோ என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அந்த மகள் சாதாரணமாகப் பதில் சொன்னார். இல்லை, இதுவும் அதே மரபணுதான். அப்பாவிடம் கொஞ்சம் மாறிய வடிவம் இருந்தது, எனக்குக் கொடுத்தார். எனக்கு முப்பத்தேழு வயதில் மாதவிலக்கு நின்றதைத் தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை. என் வழியாகப் போகும்போது மாற்றம் பெரிதாகிவிட்டது, பையனுக்கு இப்படி வந்தது. அப்பாவிடம் இருந்தால் மகள்கள் எல்லாருக்கும் வரும், ஒருத்திகூடத் தப்ப முடியாது என்றார்.

கலா அக்காவுக்கு முப்பத்தாறில் நின்றுபோனது. பிள்ளைக் கவலை என்று சொல்லிக்கொண்டோம். நைனாவின் கைக்கு மில். தினேஷுக்குச் சொந்தத்தில் கட்டியது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் வைத்திருந்தோம். அந்தப் பெண் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு பிஸ்கட்டைக் கடித்தார்.

நான் ஏதோ பதில் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். பேராசிரியை வந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது, இவ்வளவு நேரமும் அவர்களிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

5

இந்த ஊரில் எதற்கும் முதலில் வீட்டு வைத்தியரிடம் போக வேண்டும். அவர் சீட்டு எழுதினால்தான் பெரிய டாக்டர். என் வைத்தியர் எல்லாவற்றுக்கும் பாராசிட்டமால் கொடுப்பவர். நான் விஷயத்தைச் சொன்னதும் அவரே எழுந்து கதவைச் சாத்தினார். சீட்டையும் உடனே எழுதிக் கொடுத்தார்.

மரபியல் ஆலோசகர் என்று ஓர் இளம்பெண். கணினியில் எங்கள் குடும்ப மரத்தை வரைய ஆரம்பித்தார். இவர் என் அம்மாவின் தம்பி, இவர்தான் என் அக்காவின் கணவர் என்றேன். அவர் புன்னகையோடு, உங்கள் டச்சில் சின்னத் தவறு, அம்மாவின் தம்பி இல்லை, அக்காவின் கணவர் என்று மட்டும் சொல்ல வருகிறீர்கள் என்றார். இல்லை, அம்மாவின் தம்பியேதான் என்றேன். மூன்று முறை சொன்ன பிறகு நம்பினார். கணினி நம்பவில்லை. ஓர் ஆளுக்கு ஓர் உறவுதான் கொடுக்கலாம் என்று சிவப்பு எழுத்தில் நின்றது. கடைசியில் காகிதத்தில் பென்சிலால் வரைந்தார். மாமாவும் அக்காவும் சேரும் இடத்தில், சொந்தத்தில் கட்டியதற்கு அடையாளமாக, இரட்டைக் கோடு போட்டார்.

அந்த இரட்டைக் கோட்டைக் காட்டி, இதனால்தானே என்று கேட்டேன். எனக்கு அப்போதும் ஒரு நப்பாசை. நான் சொன்னதில் பாதியாவது சரியாக இருக்காதா என்று.

அவர் தலையை ஆட்டினார். இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. தகப்பன் மகனுக்குக் கொடுப்பது ஒய். அதனால் மாமாவிடமிருந்து தினேஷுக்கு இது போகவே முடியாது. அவர் முன்பின் தெரியாத வெளியூர்க்காரராக இருந்திருந்தாலும் தினேஷ் இப்படித்தான் பிறந்திருப்பான். சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

எக்ஸும் ஒய்யும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரிந்த பாடம். நான் அங்கேயே அழுதேன். என் உடம்பிலும் இருக்குமோ என்று பயந்து அழுகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் தண்ணீர் கொடுத்தார்.

எங்கள் எலிகளுக்கு மரபணுவை ஒரே வெட்டாக வெட்டி எடுத்துவிடுகிறோம். மனிதர்களில் அப்படி இல்லை. அந்த மரபணுவின் ஓரத்தில் ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வந்து நீள்கிறது. தாத்தாவிடம் கொஞ்சம், தாய் வழியாக வரும்போது இன்னும் அதிகம். ஓர் அளவுக்கு மேல் நீண்டால் மரபணு வாயை மூடிக்கொள்கிறது. எலிகளுக்குத் தாத்தா கதை கிடையாது. அதனால் நானும் தாத்தாவைப் பற்றி யோசிக்கவில்லை.

அன்றைக்கே ரத்தம் கொடுத்திருந்தேன். இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. எனக்கும் இருக்கிறது, நடுத்தர நீளத்தில். கையும் நடையும் பார்த்தால் உங்கள் அப்பாவிடமிருந்துதான் இருக்கும், அவர் ரத்தத்தைப் பார்த்தால் உறுதி செய்யலாம் என்றார் ஆலோசகர். சுகன்யாவுக்கு அது தேவையில்லை, அவளை நேராகச் சோதித்தாலே போதும் என்றும் சொன்னார். அவளுக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி.

என் மகள் மீராவுக்கும் அதே பாதிக்குப் பாதி. பதினைந்து வயது. தைரியத்தைக் கூட்டிக்கொண்டு அவளிடம் சொன்னேன். பாதி தமிழ், பாதி டச்சு. அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு டச்சில், சோதனை வேண்டுமா என்று பதினெட்டில் நானே முடிவு செய்கிறேன், அதுவரை நீங்கள் கேட்கக் கூடாது என்றாள். அவள் கண்ணிலும் பயம் இருந்தது. எங்கள் வீட்டில் இப்படி ஒரு பேச்சு நடக்குமா? சித்தி சொன்னாள், மாமன் சொன்னான் என்று ஒரு மணி நேரத்தில் ஊர் முடிவு செய்துவிடும். எனக்குக் கோபமாகவும் வந்தது, பொறாமையாகவும் இருந்தது. அவள் அறைக்குப் போய்க் கதவை மூடிக்கொண்டாள்.

6

முதலில் மாமாவிடம்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். பதினோரு வருடத்தில் அவர் எண்ணுக்கு நான் ஒரு முறைகூடக் கூப்பிட்டதில்லை. எண்ணே என்னிடம் இல்லை. சுகன்யாவிடம் கேட்டு வாங்கினேன்.

ஞாயிறு மதியங்களில் அவர் தினேஷை வண்டியில் உட்காரவைத்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார். ரயில் சத்தம் கூடாதே என்றால், தூரத்தில் மரத்தடியில் நிறுத்திப் பழக்கிப் பழக்கி இப்போது பிளாட்பாரம் வரை வந்திருக்கிறார்கள். அதற்கு ஆறு வருடம் ஆனதாம். எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை. அப்படி ஒரு ஞாயிறு, அவர்கள் அங்கே இருக்கும்போது கூப்பிட்டேன்.

“இன்னா மஞ்சு, எனக்கு போன் பண்ணிக்கீற? உங்க அக்கா ஊட்லதான் கீறா” என்றார்.

உங்களிடம்தான் பேச வேண்டும் என்றேன். எலியில் ஆரம்பித்து எங்கெங்கோ போய், கடைசியில் பச்சையாகச் சொன்னேன். நான் அன்றைக்கு நோட்டில் போட்டுக் காட்டியது தப்பு, தினேஷ் இப்படி இருப்பது உங்களால் இல்லை, சொந்தத்தில் கட்டியதாலும் இல்லை.

பின்னால் அறிவிப்புக் குரல் கேட்டது. அது முடிந்ததும் தினேஷ் அதை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தான். பிறகுதான் மாமா பேசினார்.

“அப்ப என்னால இல்லன்ற.”

“இல்ல மாமா.”

“அப்ப யாரால?”

அக்கா வழியாக, நைனாவிடமிருந்து என்றேன். அவர் கை நடுங்குவதும் அதனால்தான், எனக்கும் இருக்கிறது என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தேன். இருபது வருடம் ஒரு மனிதன் தன் வீட்டிலேயே குற்றவாளியாக இருந்திருக்கிறான், போனை வீசி எறிந்தாலும் எனக்குத் தகும்.

அவர் முதலில் சுகன்யாவைப் பற்றிக் கேட்டார். சோதனை எங்கே செய்வது, வலிக்குமா, இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். சென்னையில் செய்யலாம், சாதாரண ரத்தச் சோதனைதான், இருந்தாலும் குழந்தைக்கு வராமல் பார்த்துக்கொள்ள வழிகள் உண்டு, முன்கூட்டித் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என்றேன்.

“அவளாண்ட இன்னிக்கே சொல்லு. கலாவாண்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “உங்க நைனாவாண்ட மட்டும் சொல்லிடாத” என்றார்.

எனக்குப் புரியவில்லை. இத்தனை வருடம் உங்கள் மூஞ்சியில் விழிக்காமல் இருப்பவர் அவர்தானே மாமா என்று கேட்டேன்.

“கை ஆடுதுன்னே மனுசன் வெளிய வர மாட்டேன்றாரு. பேரன் தன்னாலதான் இப்பிடின்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு. இருவது வருசமா நான் வெச்சிக்கினு கீறேன், எனக்குப் பழகிப்போச்சி. இன்னும் கொஞ்ச நாளு நானே வெச்சிக்கிறேன் வுடு.”

மன்னிப்புக் கேட்டேன். நீ சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்றார். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தபோது, “எங்க அக்கா இத கேக்காமலே பூட்டாளே மஞ்சு” என்றார். என் அம்மாவைத்தான் சொன்னார். பின்னால் தினேஷ் அடுத்த ரயிலை அறிவித்துக்கொண்டிருந்தான்.

7

சுகன்யா என்னைவிடத் தெளிவாக இருக்கிறாள். தேர்வாய் தொழிற்பூங்காவில் ஒரு கம்பெனியில் தரப் பிரிவில் வேலை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். மறுநாள் கூப்பிட்டு, “அவராண்ட நானே சொல்லிட்டேன் சித்தி” என்றாள். நிச்சயம் செய்திருந்த பள்ளிப்பட்டு மாப்பிள்ளையைத்தான் சொன்னாள். அவன் முதலில் பயந்திருக்கிறான். தன் வீட்டில் இதுவரை சொல்லவில்லை. ஆனால் ரத்தம் கொடுக்க அவளை வண்டியில் உட்காரவைத்து சென்னைக்குக் கூட்டிப்போனது அவன்தான். முடிவு வந்த பிறகு தேதியைப் பேசலாம் என்று இருவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை. நான் போனைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன்.

போன ஞாயிறு நைனா வீடியோவில் வந்தார். அக்கா போனைத் தண்ணீர்ச் செம்பின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். அவள் கண் வீங்கியிருந்தது. மாமா பக்குவமாகச் சொல்லிவிட்டார் என்று தெரிந்துகொண்டேன். நைனாவுக்கு ஒன்றும் தெரியாது. ரத்த முடிவு, தேதி எதுவும் தெரியாது. பேத்தி கல்யாண உற்சாகத்தில் இருந்தார்.

“இந்தத் தபா நல்ல காரியம் பண்ணோம். வெளில குடுக்கறோம், சொந்தமும் இல்ல ஒன்னும் இல்ல. அதனால பொறக்கறது நல்லாப் பொறக்கும்” என்றார்.

அப்போது மாமா திரைக்குள் வந்தார். அரை டம்ளர் டீ. நைனாவின் இரண்டு கையையும் பிடித்து டம்ளரைச் சுற்றி வைத்து, நடுக்கம் அடங்கும் வரை தன் கையால் மூடிக்கொண்டு நின்றார். நைனா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல என்னைத்தான் பார்த்தார்.

“அன்னிக்கே நோட்டுல போட்டுக் காட்டின பாரு, இந்த ஆளாலதான் எல்லாம்னு. என் பொண்ணு படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு ஊருக்கே சொல்லிக்கினு கீறேன். இன்னா மஞ்சு, சரிதான?”

மாமா டம்ளரிலிருந்து கையை எடுக்காமல், தலையை மட்டும் நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

“ஆமா நைனா” என்றேன்.